ஹாலிதாவின் பிறந்தநாள்

அன்புள்ள அக்கா,

நீ வருவதை நிறுத்தியபின் ஜெபத்துக்கு நாங்கள் நான்கு பேர்தான். அனுமதியில்லாத சபை என்பதால், யாராவது வந்தால் பிறந்தநாள் விழா என்று சொல்ல, வழக்கம்போல் கேக்கை நடுவில் வைத்துத் தணிந்த குரலில் பாடுகிறோம். யாருக்குப் பிறந்தநாள் என்று மட்டும் ஒருநாளும் பேசி வைத்ததில்லை.

ஞாயிறன்று திடீரென்று வந்த போலீஸ்காரர் அதைத்தான் கேட்டார். எங்களுக்கு வாயே வரவில்லை.

பாட்டுச் சத்தத்துக்காகச் சண்டைபோட வந்திருந்த பக்கத்து வீட்டு ஹாலிதா, ஐந்து வேளையும் தொழுகிறவள், "எனக்குத்தான் தம்பி. வயச மட்டும் கேட்டுடாதீங்க, ஒரு துண்டு சாப்பிடுங்க" என்றாள். அவர் போனதும் எங்களிடம், "பாட மட்டும் வாய் இருக்கோ?" என்றாள்.

பிறகு போலீஸ் சரிபார்த்தபோது அவளுடைய பாஸ்போர்ட்டில் வேறு பிறந்த தேதி. செவ்வாயன்று அவளை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாங்கள் நால்வரும் கூடப் போய் உண்மையைச் சொல்லப்போகிறோம். என் பள்ளிக்கூட வேலை போய்விடும். பயமாகத்தான் இருக்கிறது.

நீ ஜெபத்துக்கு வர வேண்டாம், அக்கா. போலீஸ் நிலையத்துக்கு வா.

உன் தங்கை