விரால் இல்லாத குட்டை

அக்டோபர் 12, ஞாயிறு

சேலியமேட்டில் எங்கள் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் உள்ள குட்டையில், கோரைக்கு நடுவே விரால் முட்டை மிதக்கிறது! நான்கைந்தை டிபன் மூடியில் அள்ளி, போனில் மேக்ரோ லென்ஸ் மாட்டி எடுத்தேன். கடுகளவு, தேன் நிறம், உள்ளே ஓர் எண்ணெய்த் துளி. எடுத்ததும் அதே இடத்தில் விட்டுவிட்டேன். மூலக்குளம் லேபில் தினமும் நுண்ணோக்கியில் ரத்தம் பார்க்கிறவள் நான். ஆனாலும் இதை இருபது தடவை எடுத்துப் பார்த்தேன்.

முட்டை முதல், குஞ்சுகள் தாயை விட்டுப் பிரியும் நாள் வரை, ஒரே குடும்பத்தை எடுக்க வேண்டும். மூன்று வருட ஆசை.

அக்டோபர் 14

பொரிந்துவிட்டன. கறுப்புப் புள்ளிகள், வயிற்றில் மஞ்சள் பை. தாயும் தகப்பனும் அடியிலேயே காவல்.

அக்டோபர் 17, வெள்ளி

குடலிறக்க ஆபரேஷன் முடிந்து அவர் வீட்டுக்கு வந்தாயிற்று. மாலையில் கொழுந்தன் பக்கிரி வலையோடு வந்து நின்றான்.

"அண்ணி, அண்ணனுக்குப் பச்சப் புண்ணு. விரால் கொழம்பு வச்சிக் குடுத்தாதான் ஆறும். வளத்த மீனு வேலைக்காவாது. நம்ம குட்டையில எதுனா இருக்குதா?"

"இல்லப்பா, தவளதான் கத்துது."

வாய் கூசாமல் சொன்னேன். தாயைப் பிடித்தால் குஞ்சுகளைக் கொக்கும் கெண்டையும் இரண்டு நாளில் தீர்த்துவிடும் — உண்மைதான். ஆனால் கட்டின புருஷனுக்கு ஒரு மீன் தராத நான் என்ன பொம்பள?

அக்டோபர் 18

வில்லியனூர் மார்க்கெட்டில் வளர்ப்பு விரால் வாங்கினேன். ஏரி மீன் என்று சொல்லிக் குழம்பு வைத்தேன். "இன்னா ருசி சித்ரா! ஏரி மீனு ஏரி மீனுதான்" என்று தட்டை வழித்துச் சாப்பிட்டார். நான் அந்தக் குழம்பைத் தொடவில்லை.

அக்டோபர் 23

குஞ்சுகள் சிவந்துவிட்டன. தண்ணீரில் குங்குமம் கொட்டினாற்போல் கூட்டமாக நகர்கின்றன. அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் அடியில் தாய் இருப்பதைக் கண்டுபிடித்துத் தூண்டில் போடுவார்கள். பக்கிரி இந்தப் பக்கம் வராமல் இருக்க வேண்டும்.

அக்டோபர் 25

தையல் போட்ட இடத்தில் நீர் கசிகிறது. மீனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்கிறார் டாக்டர். எனக்குத் தெரியாதா? ஆனால் கட்டு மாற்றும்போது அவர் பல்லைக் கடிக்கிறாரே, அப்போது படித்ததெல்லாம் எங்கோ போய்விடுகிறது.

நாளை பக்கிரியிடம் சொல்லிவிடட்டுமா?

அக்டோபர் 26

சொல்லத்தான் கிளம்பினேன். கால் குட்டைக்குப் போயிற்று. தாய் மேலே வந்து ஒரு வாய் காற்று வாங்கிப் போனது. பக்கிரியிடம் போகாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். பாவி நான்.

நவம்பர் 3

கசிவு நின்றது. பூஜை அலமாரி முன் உட்கார்ந்து அழுதேன்.

நவம்பர் 12, புதன்

"தெனம் எங்கடி போற?" என்று அவரும் கூடவே நடந்து வந்தார். குஞ்சுகள் விரல் நீளம், சிவப்பு மங்கிவிட்டது. கூட்டம் உடையத் தொடங்கியிருந்தது. அடியில் இரண்டு பெரிய விரால்.

பக்கிரியிடம் நான் சொன்ன பொய் அவருக்குப் புரிந்துவிட்டது.

"அப்போ நான் தின்ன ஏரி மீனும் பொய்தானா?"

"மார்க்கெட்டு மீனு. வளத்தது."

முகத்தைப் பார்க்க முடியாமல் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா வேணான்னா சொல்லியிருப்பேன்?" என்றார் கடைசியில். கோபம் இல்லை, வருத்தம். அதுதான் தாங்கவில்லை.

அப்போது ரோட்டிலிருந்து பக்கிரியின் குரல். "அண்ணே! அங்க இன்னா பாக்குற? மீனா?"

"ஒண்ணுமில்லடா, பாசி. வழுக்கும், வராத!" என்றவர், "நீ எடு" என்று என்னிடம் மெல்லச் சொல்லிவிட்டு, தையல் போட்ட வயிற்றை ஒரு கையால் பிடித்தபடி வரப்பேறித் தம்பியை மறிக்கப் போனார்.