வடக்குக் கிளைக்காரி

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பேரப்பிள்ளை எடுக்கிற வயதில் எனக்கு ஒரு அணில் மேல் பொறாமை. இன்று காலை முற்றத்தில் பாதி கடித்த மாங்காய் கிடந்தது. அந்தப் பால் வாசம் மூக்கில் ஏறியதும் நீங்கள்தான் வந்துவிட்டீர்கள் என்று திரும்பிப் பார்த்துவிட்டேன். உங்கள் காக்கிச் சட்டையில் எப்போதும் அந்த வாசம்தானே.

மலையடிவாரத்தைச் சரணாலயமாக்கி, வனத்துறை உங்களை வாட்சராக எடுத்தபோது தெருவெல்லாம் பெருமை பேசியவள் நான். சாம்பல் அணிலுக்குக் காவல் என்றால் உண்டிவில்லோடு வருகிறவனை விரட்டுவது மட்டும்தான் என்று நினைத்தேன். நீங்களோ தோப்புத் தோப்பாகப் போய், "கிளையோட கிளை தொட்டுக்கிட்டு இருக்கணும் அண்ணாச்சி. அதுக தரையில எறங்காது. நடுவுல வெட்டிட்டா அம்புட்டுதான்" என்று கெஞ்சினீர்கள். என்னிடம் ஒரு நாளாவது அப்படிக் கெஞ்சியதுண்டா?

ஒரு நாள் சோற்றில் கையை வைத்துக்கொண்டு சிரித்தீர்கள்.

"அவ இலையைக் கவ்விக்கிட்டுப் போற அழகு இருக்கே!"

"எவ அவ?"

"நம்ம மாமரத்துக்காரிதான்ட்டி. கூடு கட்டுறா."

"எனக்கு ஒழுகாத கூரை ஒண்ணு கட்டுங்க. பொறவு அவளப் பாப்போம்."

அந்த மரத்தின் வடக்குக் கிளை முற்றத்தை மூடி நின்றது. வத்தல் காயப்போட வெயில் இல்லை, வெட்டுங்கள் என்றேன். "அவ தோப்புக்குப் போற பாதை அது. ஊருக்கெல்லாம் சொல்லிட்டு நம்ம வீட்டுல வெட்டுனா ரேஞ்சர் ஐயா என்ன நினைப்பாரு?" என்றீர்கள். ரேஞ்சரே வெட்டச் சொன்னாலும் நீங்கள் வெட்டியிருக்க மாட்டீர்கள். புதுச்சேலை கட்டி எதிரே வந்து நின்ற என்னிடம், "செத்த தள்ளி நில்லு, மறைக்குது" என்ற ஆள்தானே.

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் அவள் வருகிறாள். உங்களைத் தேடுகிற மாதிரி கிளையில் நின்று பார்க்கிறாள். அழக்கூட என்னைத் தனியாக விடுவதில்லை.

இனி யார் தடுப்பது என்று இன்று மரம் வெட்டுகிற பையனைக் கூப்பிட்டேன். அரிவாளோடு ஏறியவன் மேலிருந்து குரல் கொடுத்தான்.

"அக்கா, கூட்டுல குட்டி கிடக்கு. என்ன செய்ய?"

"எறங்குலே."

"நீங்கதான வெட்டச் சொன்னீக?"

"அவிய காத்து வச்சது. நான் பொறாமப்படுறதுக்காவது அவ இருக்கட்டும். எறங்கு."

அவனுக்குக் காபி போட்டுக் கொடுத்து அனுப்பினேன். பிறகு மரத்தடியில் நீங்கள் போடுகிற இடத்திலேயே கட்டிலைப் போட்டு, உங்களைப் போலவே வாயைத் திறந்துகொண்டு மேலே பார்த்தேன்.

அவள் மூத்திரம் பெய்தாள். எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு, உலை வைத்தேன்.