பர்மா எந்தப் பக்கம்?

மார்ச் 3, செவ்வாய்
காலையிலேயே வெயில். தோல் ஷெட்டுப் பக்கமிருந்து நாற்றம் ஜாஸ்தி. ஜன்னலைச் சாத்திவிட்டு ஐந்தாம் வகுப்புக்குப் பூகோளம். ஆசியாவின் பிரிவுகள். மேற்கே அரேபியா, கிழக்கே சீனா, தெற்கே இந்தியா. பர்மா, இந்தியாவின் ஒரு மாகாணம். புத்தகத்தில் அப்படித்தான்.

ரங்கூனிலிருந்து அவர் கடிதம். தோல் மண்டி வேலை நிரந்தரமாகிவிட்டது. அங்கே மிஷன் பள்ளியில் தமிழ் ஆசிரியை இடம் காலி. "ஈஸ்டருக்குள் வந்துவிடு." கல்யாணமாகிப் பதினாலு மாதம். சேர்ந்திருந்தது மூன்று.

வாங்க: மை, சாக்பீஸ், அப்பா காலுக்கு எண்ணெய் (ஷெட்டில் தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று வெந்திருக்கிறது).

மார்ச் 5, வியாழன்
ரங்கூன் பள்ளிக்கு மாற்றல் தரும்படி பள்ளி மேனேஜர் அய்யாவிடம் கேட்டேன். ஆசிரியைப் பயிற்சிக்கு அனுப்பியபோது எழுதிக்கொடுத்த பத்திரம்: ஐந்து வருஷம் இந்தியாவுக்குள் மிஷன் பள்ளி வேலை. இன்னும் மூன்று பாக்கி. அதுவரை என் சர்ட்டிபிகேட் அவர் பெட்டியில்.

பர்மாவும் இந்தியாதானே என்றேன்.

"அது சர்க்கார் சொல்றதும்மா. நம்ம மிஷன் சங்கத்துக்கு இந்தியா அந்த எல்லை மலையோட முடிஞ்சுபோச்சு. அதுக்கு அப்பால வேற ஜனம், வேற பாஷை. அது கிழக்காசியா."

"அப்போ பாடப் புத்தகம் தப்புங்களா?"

"பிள்ளைங்களுக்கு அது போதும்."

மார்ச் 6
தலைவலி. அவருக்குப் பதில் எழுதவில்லை.

மார்ச் 9, திங்கள்
இன்ஸ்பெக்டர் வந்தார். பர்மா எங்கே என்று ஐந்தாம் வகுப்புச் சரோஜாவைக் கேட்டார்.

"இந்தியான்னு டீச்சர் சொன்னாங்க. ஆனா நடுவுல மலை வருதே! எல்லைக் கோட்டை யாருங்க போடறது?"

சிரித்துவிட்டார். "மலையைப் பாத்தா ஒரு கோடு, பாஷையைப் பாத்தா ஒரு கோடு, ஆள்றவங்களைப் பாத்தா இன்னொண்ணு. பரீட்சையில இந்தியான்னே எழுது."

பக்கத்தில் மேனேஜர் அய்யா. தலையாட்டினார். என் பக்கம் திரும்பவில்லை.

மார்ச் 10
மேனேஜர் அய்யாவிடம் மறுபடி போனேன். இன்ஸ்பெக்டரே சொன்னாரே என்றேன்.

"பேப்பர் பாக்கறதில்லையா? பர்மாவைப் பிரிக்கப் போறாங்கன்னு பேச்சு. நாளைக்கு சர்க்காருக்கே அது இந்தியா இல்ல."

எந்தப் பக்கம் போனாலும் சுவர். வீட்டில் அப்பா, "மூணு வருசம் இன்னா பெரிசு? பல்லைக் கடிச்சினு இரு" என்றார்.

மார்ச் 12
நாலு வரி ராஜினாமா. மூன்று தடவை கிழித்து எழுதினேன். அப்பா பார்த்துவிட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

மார்ச் 13, வெள்ளி
ராஜினாமாவை மேனேஜர் அய்யா மேசையில் வைத்தேன்.

"சர்ட்டிபிகேட் இல்லாம எந்தப் பள்ளியில சேத்துக்குவாங்க?"

"தெரியாதுங்க."

"அங்க போய் என்னம்மா செய்வே?"

"அதுவும் தெரியாதுங்க."

அவர் காகிதத்தை எடுக்கவில்லை. நானும் திருப்பி எடுக்கவில்லை. வெளியே வந்து கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டேன். சரோஜா தண்ணீர் கொண்டுவந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் ஊருக்குப் போறீங்களா டீச்சர்?"

"ஆமா" என்றேன். முதல் தடவையாக வாய்விட்டு.