ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நாலு மீட்டர் வெள்ளம்

மார்ச் 4, திங்கள்

எல்லாம் நான் அன்றைக்கே சொன்னதுதான். அக்கா மகள் நதி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொன்னேன், கம்ப்யூட்டர் என் ஆற்றைப் படிக்காது என்று. கேட்டார்களா? இருபத்திரண்டு வருஷம் தினமும் காலையில் அளவுகோலைப் பார்த்து நீர்மட்டம் குறித்தவன் நான். இப்போது அந்தப் பதிவேடுகளை டைப் அடித்து ஒரே கோப்பாகக் கொடு என்கிறார்கள். வரிக்கு நாலு எண்: வருஷம், மாதம், தேதி, மட்டம். எட்டாயிரம் வரி. இரண்டு மாதத்தில் முடித்தேன். வேறு எவனாவது என்றால் இரண்டு வருஷம்.

இன்று அதைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தாள். முதல் வரியிலேயே நின்றுவிட்டது.

கோப்பின் தலையில் என் பெயரையும் 'ஆற்றின் காவலர்' என்ற பட்டத்தையும் போட்டிருந்தேன். எண் வரவேண்டிய இடத்தில் எழுத்து வந்ததும் முழிக்கிறதாம். ஒரு மனுஷன் பேரைப் படிக்க வக்கில்லாத மெஷின்!

"முதல் வரியைத் தாண்ட, 'படி'ன்னு சும்மா ஒரு ரீட் கட்டளை போட்டா போதும் மாமா" என்றாள்.

என்னைத் தாண்டுவதற்கென்று ஒரு தனி ரீட்.

மார்ச் 5, செவ்வாய்

ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் பாஷையை அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டேன். அவள் மூன்று மாதமாகத் திணறுகிறாள். 'ஓப்பன்' என்றால் கோப்பைத் திறக்கும். திறக்கும்போதே அதற்குப் பத்து என்று ஒரு எண் கொடுக்க வேண்டும். நல்ல பெயர் இருக்கும்போது எண் எதற்கு, ஜெயில் கைதியா? 'ரீட்' என்றால் ஒரு வரி படிக்கும். அதில் ஒரு நட்சத்திரம் போட்டால், எண்களை நீயே பிரித்து எடுத்துக்கொள் என்று அர்த்தம். படித்த பிறகு எப்படிப் போயிற்று என்று ஒரு எண்ணால் சொல்லும். சைபர் என்றால் சரி, மைனஸ் என்றால் கோப்பு தீர்ந்தது, ப்ளஸ் என்றால் கோளாறு.

இதற்கு நாலு வருஷம் காலேஜ்!

மார்ச் 7, வியாழன்

இன்று கடைசி வரி வரை ஓடியது. இதுவரை வந்த மிக உயர்ந்த வெள்ளம் எவ்வளவு என்று கேட்டார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நாலு மீட்டர் என்றது.

மலை முழுகி, மேகம் முழுகி, மேலே போன விமானமும் நனைந்திருக்கும். மூக்கு நுனியில் கண்ணாடி போட்ட அவள் அலுவலக எஞ்சினியர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி மேஜையில் விழுந்தது. "சார், இந்த வெள்ளத்துல நீங்க எப்படித் தப்பிச்சீங்க?" என்றான். நக்கல்.

அக்கா மகள் ஒவ்வொரு வரியாகப் பார்த்துக் கண்டுபிடித்தாள். ஒரு வரியில் வருஷம், மாதம், தேதி மட்டும் இருந்தது, மட்டம் இல்லை. நட்சத்திரம் போட்ட ரீட் நாலு எண் கிடைக்கும்வரை விடாதாம். அடுத்த வரிக்குத் தாவி, அங்கே முதலில் இருந்த 1994 என்ற வருஷத்தை எடுத்து மட்டம் என்று வைத்துக்கொண்டது. கோளாறு என்றுகூடச் சொல்லவில்லை. பக்கத்து இலையில் கை வைக்கிற ஜாதி.

இந்த மாதிரிப் பதினொரு வரி.

"பதினொரு நாள் ஏன் மாமா காலியா இருக்கு?"

மாதம் பிறந்ததும் எல்லாத் தேதியையும் முன்கூட்டியே எழுதிவைத்துவிடுவது என் பழக்கம். மட்டத்தைத்தான் அன்றன்றைக்கு நிரப்புவேன். மை அழிந்திருக்கும் என்றேன்.

மார்ச் 8, வெள்ளி

அளவு இல்லாத நாளுக்கு அடையாளமாக மைனஸ் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது போடச் சொல்கிறாள். நானா? மைனஸா?

மார்ச் 11, திங்கள்

பதினொன்றையும் ஞாபகத்திலிருந்தே நிரப்பிக் கொடுத்தேன். அதில் ஒன்று பெருவெள்ளம் வந்த நாள். அது ஊருக்கே தெரிந்த கதை. கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி, குடைக்காம்பைப் பல்லில் கவ்விக்கொண்டு அளவுகோலைப் படித்தவன் நான். எட்டு மீட்டர் நாற்பது.

"உறுதிதானே மாமா? என்னோட முதல் அறிக்கை இது."

"என் கண்ணால பார்த்தது" என்றேன். கண்ணாடிக்காரன் குறித்துக்கொண்டான்.

மார்ச் 14, வியாழன்

மிக உயர்ந்த வெள்ளம் ஏழு மீட்டருக்குள் என்றால் கீழ்த்தெருவுக்கு முன்னால் தடுப்புச் சுவர் கட்டுவார்களாம். அதைத் தாண்டினால் சுவர் கிடையாது, தெருவையே காலி செய்துவிடுவார்களாம். நேற்றுத்தான் சொல்கிறான் கண்ணாடிக்காரன், மடையன்! முதலிலேயே சொன்னால் என்ன?

அக்கா வீடு கீழ்த்தெருவில் நாலாவது.

மார்ச் 16, சனி

அக்கா பரணிலிருந்து பாத்திரங்களை இறக்கிக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். அறிக்கை திங்கட்கிழமை போகிறதாம். கம்ப்யூட்டரைத் திட்டினேன், எஞ்சினியரைத் திட்டினேன், ஃபோர்ட்ரானைக் கண்டுபிடித்தவனையும் விடவில்லை. அக்கா பெரிய குண்டானை என்னிடம் நீட்டினாள், சுற்று என்று.

சுற்றினேன். என்ன செய்ய?

கடைசியில் நானே கேட்டேன். "பெருவெள்ளம் வந்த அன்னிக்கு நான் எங்க இருந்தேன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியாம என்ன. நெத்தியில ஈரத்துணி போட்டதே நான்தானே."

"அப்ப உன் பொண்ணுகிட்ட ஏன் சொல்லல?"

"இருபது வருஷமா வாய் ஓயாம சொல்லிட்டு வர்ற கதைடா அது. நான் போய் உடைக்கணுமா? உடைக்கணும்னா நீ உடை." குண்டானைப் பார்த்துவிட்டு, "ஒழுங்கா சுத்து, மூலை கிழியுது" என்றாள்.

வீடு போனாலும் பரவாயில்லை, தம்பி பேர் போகக் கூடாதாம். இப்படி ஒரு பைத்தியக்காரியை — என்ன சொல்ல, எதைச் சொல்ல.

மார்ச் 17, ஞாயிறு

சாப்பிடவில்லை.

மார்ச் 18, திங்கள்

அலுவலகம் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றேன். அக்கா மகள் வந்தாள், கண்ணாடிக்காரனும் வந்தான். அவன் இல்லாத நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவன் நகரவில்லை. பெருவெள்ளத்தன்று ஆற்றுப் பக்கமே போகவில்லை என்று சொல்லிவிட்டேன். பதினொரு நாளையும் மைனஸ் ஆக்கு என்றேன்.

அவள் முகம் சிவந்துவிட்டது. உட்கார்ந்து மாற்றினாள். விசையைத் தட்டுகிற வேகத்திலேயே திட்டு தெரிந்தது. ஓட்டினாள். மிக உயர்ந்தது ஆறு மீட்டர் பதினைந்து.

"அது பெருவெள்ள நாள் இல்லையே" என்றான் எஞ்சினியர். "அறிக்கை நிக்கட்டும். கீழ்த்தெருச் சுவர்கள்ல பழைய கறை இருக்கும், போய் அளந்துட்டு வரலாம்." சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கிளம்பும்போதுதான் அவள் கேட்டாள். "அன்னிக்கு எங்கதான் மாமா இருந்தீங்க?"

"உங்கம்மா வீட்டுக் கட்டில்ல. காய்ச்சல்" என்றேன்.

காய்ச்சலும் இல்லை. நனையப் பிடிக்கவில்லை, படுத்துக்கொண்டேன். ஈரத்துணி போட்ட அக்காவுக்கே இது தெரியாது.