உன் ஆட்டோ இல்லாமல் சுற்றிய ஷூட்டிங் ஸ்பாட்டுகள்

என் ஆசை மச்சான் ஏழுமலைக்கு,

நீ போன பிறகு உனக்கு எழுதுகிற முதல் கடிதம் இது. பத்தாம் வகுப்பையே இரண்டு தவணையில் முடித்தவன் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. நாலு வரிக்கு ஒருமுறை எழுந்து போய் மரவள்ளிக் காட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன். காடு அங்கேயேதான் இருக்கிறது.

விஷயம் இலக்கியாவைப் பற்றியது. டிகிரி முடித்துவிட்டாள். சென்னையில் சினிமா எடிட்டிங் படிக்க வேண்டுமாம். ஆரம்பித்து வைத்தவன் நீதான். "மாமா, பொண்ண அனுப்புங்க. என் வூட்ல தங்கிக்கட்டும், நான் பாத்துக்கறேன்" என்றாய். சொன்னவன், ஒரு காலையில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாய். உன் பெண்டாட்டி பிள்ளைகளும் அவள் அம்மா வீட்டோடு போய்விட்டார்கள். அந்தப் பட்டணத்தில் இனி என் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்?

நேராக 'வேண்டாம்' என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் ஒரு தந்திரம் செய்தேன். "லீவுக்கு ரெண்டு நாள் சென்னைக்குப் போவலாம், ஷூட்டிங் எடுத்த எடமெல்லாம் பாக்கலாம்" என்று கிளப்பினேன். கத்திரி வெயிலில் அந்த இடங்களைப் பார்த்தால் சினிமா ஆசை வற்றிவிடும் என்று கணக்கு. உன் அக்கா வரவில்லை. தம்பி இல்லாத ஊரில் எனக்கு என்ன வேலை என்று இருந்துவிட்டாள்.

நம் பஸ் இப்போது கோயம்பேடு போவதில்லை, தெரியுமா? கிளாம்பாக்கத்திலேயே இறக்கிவிடுகிறார்கள். நீ வந்து நிற்கும் இடத்தைத் தேடி என் கண் சும்மா அலைந்தது.

வடபழனியில் ஓர் ஆட்டோ பிடித்தோம். நீ காட்டின வரிசைப்படியே போகச் சொன்னேன். முதலில் தூண் வைத்த பங்களா. கல்யாணமான புதிதில் எங்களைக் கூட்டிப்போய், "இந்தப் படியிலதான் ஹீரோயின் அழுதுகினே எறங்குவாங்க" என்றாயே, அதேதான். அன்றைக்கு உன் அக்கா அங்கேயே அழுதாள். நான் செருப்பைக் கழற்றி விட்டு, தூணைக் கட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டேன். வீட்டில் சாமி படங்களுக்கு நடுவில் இன்றைக்கும் அது சட்டம் போட்டுத் தொங்குகிறது.

ஆட்டோக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"இங்க இன்னா சார் பாக்கணும்?"

"இங்கதாங்க சினிமா எடுத்தாங்க."

"முப்பது வருசமா இந்த ரோட்டுல ஓட்டிக்கினு இருக்கேன். இது பேப்பர் குடோன் சார். ஷூட்டிங்குன்னு ஒரு நாய் வந்ததில்ல."

பக்கத்தில் இலக்கியா துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"மாமா எங்கிட்ட எப்பவோ சொல்லிட்டாருப்பா. அந்தப் படத்துல வர்ற வூடு செட்டு, அப்பவே பிரிச்சிட்டாங்களாம். ஆறு மணி நேரம் பஸ்ல வந்த அக்காவ ஒண்ணும் காட்டாம அனுப்ப மனசு வர்லியாம்."

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். உனக்குத்தான் சொல்ல வேணாம்னுச்சு. தூண அவ்ளோ ஆசையா கட்டிப் புடிச்சியாம்."

அடப்பாவி மச்சான். காகிதக் கிடங்குக்குச் செருப்பைக் கழற்றியவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தன்தான்.

அடுத்து, ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிற உடைந்த பாலத்துக்கு அவளே வழி சொன்னாள். அது நிஜமாகவே படம் எடுத்த இடமாம். நான் தலைவாரிக்கொண்டு போஸ் கொடுக்க நின்றேன். அவள் பாலத்தைப் பார்க்கவே இல்லை. கரையோரம் இறங்கி, குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் கட்டம் கட்டிப் பார்த்தாள்.

"எல்லாரும் பாலத்தப் பாப்பாங்கப்பா. கேமரா எங்க நின்னுதுன்னு பாரு. இங்க வந்து குந்து."

முட்டி கடகடக்கக் குந்தினேன். அந்த மட்டத்தில் பார்த்தால், சுற்றிக் கிடந்த அத்தனை குப்பையும் காணாமல் போயிருந்தது. தண்ணீரும் வானமும்தான் மிச்சம்.

"மாமா சொல்லிக் குடுத்தது" என்றாள். சவாரி இல்லாத நேரத்தில் ஷூட்டிங் பார்க்கப் போவாயாமே. நடிகர்களைப் பார்க்காமல் கேமராவையே பார்த்துக்கொண்டு நிற்பாயாமே. என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லையே ஏழுமலை. உனக்கும் அந்த ஆசை இருந்ததா?

திரும்பும்போது ஆட்டோக்காரர் கேட்டார். "பொண்ணு வெவரமா இருக்கு. எங்க படிக்குது?"

"இங்கதாங்க சேரப் போவுது."

சொன்னது என் வாய்தான். என்னைக் கேட்காமல் சொல்லிவிட்டது.

இலக்கியா மெதுவாக, "நெஜமாவாப்பா?" என்றாள்.

"அவருகிட்ட சொல்லிட்டேன். இனிமே மாத்திப் பேசுனா அசிங்கம்."

அவள் வெளியே திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரித்தாளா அழுதாளா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

சீட்டு கிடைத்துவிட்டது, ஹாஸ்டலிலும் இடம் பார்த்தாயிற்று. வரும் திங்கட்கிழமை கிளம்புகிறோம். உன் அக்கா மலைத்தேனும் சாமையும் மூட்டை கட்டுகிறாள். நான் பெட்டியின் பூட்டை இழுத்து இழுத்துப் பார்க்கிறேன். அங்கே இலக்கியாவுக்கு ஒரு காய்ச்சல் வந்தால் நான் போய்ச் சேர ஆறு மணி நேரம் ஆகுமே மச்சான். அந்த ஆறு மணி நேரத்தை என்ன செய்வது?

உனக்குச் சத்தியம் பண்ணித் தருகிறேன். ஹாஸ்டல் வாசலில் விட்டதும் கண்ணைத் துடைக்க மாட்டேன், புத்தி சொல்ல மாட்டேன், 'வா, ஊருக்கே போய்டலாம்' என்று கூப்பிடவே மாட்டேன். எதிரில் டீக்கடை இருந்தால் ஒரே ஒரு டீ குடித்துவிட்டுப் பஸ் ஏறிவிடுவேன். டீ கொஞ்சம் சூடாக இருக்கும். ஆறுவதற்கு நேரமானால் நீ கண்டுகொள்ளாதே.

உன் அக்கா புருஷன்,
இலக்கியாவின் அப்பன்,
உன் மாமா