விளக்கெண்ணெயில் நின்ற கார்

இன்று காலை மாரிமுத்து ஒரு வெறும் போத்தலோடு வாசலில் வந்து நின்றான். மொத்தக் கடை முதலாளியின் டிரைவர் மாரிமுத்துதான். மூடியைத் திறந்து காட்டினான். விளக்கெண்ணெயும் ஸ்பிரிட்டும் கலந்த அந்த வாசனை இன்னும் அதற்குள் இருந்தது. நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் அது வீசியதே இல்லை.

"அக்கா, கொழும்புலகூட பிரேக் ஆயில் கெடைக்கலையாம். அண்ணன் செய்வாங்களே, அது ஒங்களுக்குத் தெரியும்னு முதலாளி சொல்லி அனுப்புனாங்க."

எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. உங்கள் எண்ணெயைக் கேவலமாக நினைத்த மனிதருக்கு இன்று அதுதான் வேண்டுமாம்!

வெளிநாட்டுக் கார்களுக்குக் கட்டுப்பாடு வந்த நாட்களில்தான் உங்களுக்கு அந்த ஆசை வந்தது. "நம்மளே ஒண்ணு செஞ்சா என்ன புள்ள?" என்று ஏதோ ரொட்டி சுடுவதைப் போலக் கேட்டீர்கள். எஞ்சின் மட்டும் ஒரு தோட்டத்துத் துரை கழித்துப் போட்ட காரிலிருந்து வந்தது. மற்றதெல்லாம் ஹட்டன் பஜாரில், நம் பட்டறையில் செய்தது. ஒருவர் தகடு அடித்தார், ஆசாரி கதவுக்குச் சட்டம் இழைத்தார், கொல்லர் ஸ்பிரிங் தட்டினார், நான் சீட்டுக்கு உறை தைத்தேன். கதவு சரியாக மூடினால் கண்ணாடி இறங்காது. கண்ணாடியைச் சரிசெய்தால் கதவு மூடாது. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கோபித்துக்கொள்ளும். நீங்கள் மட்டும் யாரையும் கோபிக்காமல் மறுபடி கழற்றுவீர்கள்.

"ஓடுறது பெருசில்ல. இந்த மலையில நெனைச்ச எடத்துல நிக்கணும்" என்பீர்கள். அந்த நிற்பதற்குத்தான் வழியில்லாமல் இருந்தது. பிரேக்குக்குள் ஒரு சின்ன ரப்பர், கோட்டுப் பொத்தான் அளவு. அதற்கும் சீமையைத்தான் பார்க்க வேண்டும். கினிகத்தேனைப் பக்கத்து ரப்பர் மரங்களில் வடிகிற பால் கப்பலேறிப் போய், பொத்தானாகத் திரும்பி வந்து, நம்மிடமே விலை பேசியது. டயர் ஒட்டும் கடையில் அச்சு வைத்து அந்த ரப்பரையும் நீங்களே வார்த்தீர்கள்.

பிறகு அதற்கேற்ற எண்ணெய். என் அடுப்பங்கரைக் கிளாஸ்களையெல்லாம் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணெயும் ஒரு ரப்பர்த் துண்டும் போட்டீர்கள். எஞ்சின் ஆயிலில் கிடந்த துண்டு ஊறிய கடலைபோலப் பருத்துவிட்டது. பிள்ளைக்குப் பேதிக்கென்று நான் வைத்திருந்த விளக்கெண்ணெயில் கிடந்தது மட்டும் போட்டபடியே இருந்தது. குழாயில் இளகி ஓட அதில் ஸ்பிரிட்டும் கலந்தீர்கள். போத்தலைக் காலி செய்ததற்கு நான் திட்டினேன். நீங்கள் சிரித்துக்கொண்டே இருந்தீர்கள்.

முதலாளி அந்தக் காரை வாங்கினார். மலையெல்லாம் நன்றாகத்தான் ஓடியது, நன்றாகத்தான் நின்றது. ஆனால் பஜார் வாய் சும்மா இருக்குமா? "என்னா முதலாளி, காருக்குப் பேதி குடுத்தாச்சா?" அவரால் அதைத் தாங்க முடியவில்லை. மாரிமுத்துவை விட்டு விளக்கெண்ணெயைக் கொட்டச் சொல்லி, சீமைத் தகரத்தில் வந்த எஞ்சின் ஆயிலை ஊற்றவைத்தார். வட்டவளை இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. கார் தேயிலைச் செடிகளுக்குள் போய் மாட்டிக்கொண்டது. யாருக்கும் உயிர்ச் சேதம் இல்லை.

"தோட்டத்து ஆளு செஞ்ச காரு வேற எப்படி இருக்கும்?" என்று முதலாளி பஜார் நடுவில் நின்று சொன்னார். அன்று மாலை நீங்கள் சக்கரத்தைக் கழற்றி, பருத்துப்போன ரப்பரை வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். அதை அவர் முகத்துக்கு நேரே காட்டுங்கள் என்று கத்தினேன்.

"சொன்னா மாரிமுத்து மேல பழியப் போட்டு வெரட்டிருவாரு புள்ள. அவன் புள்ளகுட்டிக்காரன்."

"அப்ப நாங்க யாரு?" என்று கேட்டேன். நீங்கள் அந்த ரப்பரைத் துடைத்து என் கையில் வைத்தீர்கள்.

அதன் பிறகு நம்மிடம் கார் சொல்லிவைத்தவர்கள் வேண்டாம் என்றார்கள். கார் செய்யப் பார்த்த மற்றப் பட்டறைகளிலும் அதே கதைதான். "ஊர்க் காரா? ஐயோ சாமி!" தகடு அடித்தவர் தேயிலை ஃபெக்டரிக்குப் போய்விட்டார். நீங்கள் ஊரார் லொறிகளுக்கு அடியில் படுத்துக் கிடந்தீர்கள். அடுத்த மழைக்கு நெஞ்சுச் சளி வந்து உங்களைக் கொண்டுபோனது. முதலாளி எப்படியோ பர்மிட் பிடித்து ஒரு சீமைக் கார் இறக்கியிருந்தார். உங்கள் சாவு வீட்டுக்கு அதில்தான் வந்தார்.

எனக்கு அவர்மேல் மட்டுமல்ல, உங்கள்மேலும் கோபம்தான். நல்லவராக இருந்துவிட்டுப் போய்விட்டீர்கள். ஊர்ப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பது நான்.

மாரிமுத்து தலைகுனிந்து நின்றான். "சீமைக் காரு எங்க?" என்றேன்.

"பிரேக் இல்லாம முதலாளி வீட்டு வாசல்ல கெடக்குதுக்கா."

எண்ணெயைச் சூடாக்கி, இறக்கி ஆறவைத்து, நீங்கள் ஊற்றுவதைப் போலவே ஸ்பிரிட்டை ஊற்றினேன். போத்தலை நிரப்பி, கொடுக்காமல் அலமாரியில் வைத்தேன்.

"அவரையே வரச் சொல்லு தம்பி. அண்ணன் செஞ்ச காருல கோளாறு இல்ல, எண்ணெய மாத்தச் சொன்னது நான்தான்னு பஜாரு கேக்க சொல்லட்டும். ஒன் பேரு வேணாம். சொல்லிட்டு எடுத்துக்கிட்டுப் போகட்டும்."

"அண்ணன் இருந்தா குடுத்திருப்பாங்கக்கா."

"ஆமா. அண்ணன் விட்டுக் குடுத்துத்தானே இப்படி ஆச்சு."

அவன் வெறுங்கையோடு போனான். போத்தலுக்குப் பக்கத்தில் அந்தப் பருத்த ரப்பரையும் எடுத்து வைத்திருக்கிறேன். முதலாளி வரும்வரை இரண்டும் அங்கேயே இருக்கும். உங்களுக்கு இது பிடிக்காது, எனக்குத் தெரியும். பிடிக்காவிட்டால் வந்து சொல்லுங்கள்.