நெத்திலி வாசம்

சனிக்கிழமை, பிரிக்பீல்ட்ஸ்.

காட்டு லாட்ஜிலிருந்து மதியமே வீடு வந்தாச்சு. மனசுதான் ஆறல. நேத்து ராத்திரி அங்கே பஃபே மட்டும்தான். நான் சாப்பிடுற ரெண்டு கரண்டிச் சோத்துக்கு முழு விலை கொடுக்கணுமான்னு, "இன்னிக்கு வெள்ளிக்கிழமை விரதம்"னு லாட்ஜுக்காரங்ககிட்ட சொல்லிட்டேன். ரூமுக்கு வந்து, கொண்டுபோன நெத்திலி சம்பல் பன்னைத் தின்னேன்.

கடைசி வாய் உள்ளே போகும்போது கதவு தட்டினாங்க. லாட்ஜில சமைக்கிற அக்கா, ரவாங் ஊர்க்காரங்க. கையில சுடச்சுட உப்புமா.

"கவிச்சி படாத சட்டியில தனியா செஞ்சேன். காசெல்லாம் வேணாம்லா. பத்துமலை முருகன் கோயிலுக்குப் போனா என் மகளுக்கு ஒரு பிள்ளை வரம் கேளுங்க."

தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறந்தா நெத்திலி வாசம் வருமேன்னு மகள் பேரைக்கூடக் கேட்கல. இப்ப முருகன்கிட்ட யாருக்குன்னு சொல்லிக் கேட்பேன்.